மேலேயிருந்து மூன்று சுண்டு

எங்கள் சிலுவைத்துறையில் என் அக்காள் புருஷன் லிகோரி, ஒரு மணி நேரத்துக்கான காற்றை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி முப்பத்துமூன்று நாள் அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில், மேலே அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். ததேயு என்று கேட்டால் துறையில் யாரும் வீட்டைக் காட்டுவார்கள், என் வலது மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளலாம். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களுக்குக் கையைக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துவிட்டது, எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. எங்கள் ஆட்கள் மூச்சை அடக்கிச் சங்கு குளித்த காலத்திலிருந்து, இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், அதன் மறுமுனை படகில் உட்கார்ந்திருக்கிற அவன் மச்சினன் கையில் இருக்கும். அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, அவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம். சிநேகிதன் பிடிக்கக்கூடாது, அவனுக்குத் தூக்கம் வரலாம். பெண்டாட்டியின் உடன்பிறந்தான் பிடிக்க வேண்டும், கூடப்பிறந்தவள் தாலி இறங்குவதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்? அந்தக் கயிற்றுக்குப் பேச்சு உண்டு. கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் ‘இருக்கேன்’, இரண்டு சுண்டினால் ‘கயிறு விடு’, மூன்று சுண்டினால் ‘தூக்கு’. மேலே இருக்கிறவனுக்கு ஒரே ஒரு பேச்சுதான், பதிலுக்கு ஒரு சுண்டு, ‘நானும் இருக்கேன்’. மேலேயிருந்து மூன்று சுண்டிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் ‘என்னால பிடிக்க முடியல, வந்துரு’ என்று ஆகிவிடும், அதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் துறையில் கிடையாது, கூப்பிட்டவன் கையில் அதற்கப்புறம் ஒருத்தனும் கயிறு கொடுக்க மாட்டான்.

சங்கு குளிப்பு ஓய்ந்தபின் முதுகுப்பைக்காரர்கள் வந்தார்கள். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். ராமேஸ்வரம் பக்கமிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, பிடித்த இடத்தில் இறங்கி, ஆளை அமுக்குகிற பையைச் சுமந்துகொண்டு வேர்த்து விறுவிறுத்து வருவார்கள், வீட்டில் கட்டிலும் ஏசியும் இருக்கிற பிள்ளைகள், இங்கே மணலில் கூடாரம் அடித்துக் கொசுக்கடியில் படுப்பார்கள், கேட்டால் இதுதான் சுகம் என்பார்கள். அவர்களுக்குக் கடலடியைப் பார்க்க வேண்டும். லிகோரி அத்தான் அந்தமானுக்குப் போய் ஸ்கூபா படித்துவிட்டு வந்து சிலிண்டரும் மாஸ்க்கும் வாங்கிப் போட்டார். கஸ்பார் படகு ஓட்ட, நான் கயிறு பிடிக்க, தொழில் நடந்தது. அந்தமானில் கயிறெல்லாம் கிடையாதாம், இரண்டு இரண்டு பேராக இறங்கி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்களாம். அத்தான் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து, “அது அவங்க வழக்கம். மாப்ள கையில கயிறு இல்லாம நான் இறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். என்னைத்தான் மாப்ள என்பார்.

அப்படிச் சொன்ன மனுஷனோடு நான் மூன்று வருஷம் பேசவில்லை.

எங்கள் அம்மா சாகக் கிடந்தபோது நான் வீட்டில் இருந்தேன், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கயிற்றைக் கஸ்பாரிடம் கொடுத்திருந்தோம், காலையில் நன்றாகத்தானே கஞ்சி குடித்தாள், யார் கண்டது? பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என்னைக் கேட்கவில்லை, பெற்ற மகள் கித்தேரியைக் கேட்கவில்லை, “லிகோரி வந்துட்டானா, லிகோரி வந்துட்டானா” என்று மருமகனைத்தான் கேட்டாள். நான் படகுக்குச் செய்தி அனுப்பினேன். வருகிறார், வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா வாசலைப் பார்த்தபடியே போய்விட்டாள், அதற்கப்புறம்தான் அத்தான் ஈரத்துணியோடு ஓடிவந்தார். முதுகுப்பைக்காரர்களுக்குக் கடலைக் காட்டக் கூட்டிப்போனதுதான் இவருக்குப் பெரிசாய்ப் போயிற்று என்று எனக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் மறித்து, அத்தனை பேர் முன்னால், “கூப்பிட்டு விட்டேன், நீரு வரல. இனி என் சாவுக்குக்கூட உம்மக் கூப்பிட மாட்டேன்” என்றேன். சொன்னபடியே பெட்டி தூக்கக் கூப்பிடவில்லை, குழியில் மண் போடவும் கூப்பிடவில்லை. அவர் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் கயிற்றை யார் பிடிப்பது? கித்தேரிக்கு என்னை விட்டால் உடன்பிறந்தான் கிடையாது. எட்டாம் நாள் நான் படகில் போய் உட்கார்ந்தேன், அவர் கயிற்று முனையை என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து மூன்று வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சுண்டுகள்தான். கரையில் எதிரெதிரே வந்தால் அவர் வலைகளைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன், தண்ணீருக்குள் போய்விட்டால் ‘இருக்கேன்’ என்பார், நானும் ‘இருக்கேன்’ என்பேன்.

ஏப்ரல் மாதம், அம்மாவின் மூன்றாம் வருஷ நினைவுக்கு முந்தின நாள் காலையில், அக்காள் வீட்டு வாசலில் நின்று, “அக்கா, நாளைக்குக் காலையில பூசை, மத்தியானம் நம்ம வீட்ல சாப்பாடு, நீ வந்துரு” என்றேன். அத்தான் உள்ளே ஈர உடுப்புகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். கித்தேரி அவரைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நான் மட்டுமா?” என்றாள். “ஒன்னைத்தான் கூப்பிடுதேன்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து நானும் அத்தானும் கஸ்பாரும் வழக்கம்போலப் படகேறினோம். அன்றைக்கு ஒரே ஒரு ஆள்தான், ஈரோட்டுப் பெண், சாருமதி என்று பேர், வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு கடற்கரையெல்லாம் நடக்கக் கிளம்பியவள்.

கரையிலிருந்து அரை மைல் தூரத்தில் கடலுக்கடியில் எங்கள் பார் இருக்கிறது, பவளப்பாறைத் திட்டு, ஆறு பாகம் ஆழம்தான், ஆறு ஆள் உயரம். இரண்டு பேரும் இறங்கினார்கள். நாற்பது நிமிஷம் கழித்து சாருமதி மட்டும் தலையைத் தூக்கினாள். படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றினவள், “அவரு வரலைங்க. என்னைய மேல போகச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினாருங்க. அப்புறம் அவரு மணல்ல உக்காந்துட்டாருங்க. கயித்தக் கையில புடிச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி உக்காந்திருக்காருங்க” என்றாள்.

நான் கயிற்றைப் பார்த்தேன். ஒரு சுண்டு வந்தது. நான் ஒரு சுண்டு கொடுத்தேன். குமிழிகள் படகுக்கு வலது பக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று, காற்று தீர்ந்திருக்க வேண்டும், குமிழி வந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று, குமிழி வந்தது. மத்தியானம் வெயில் ஏறி, சாயங்காலம் வெயில் இறங்கி, கரையிலிருந்து கித்தேரி இன்னொரு படகில் வந்து சேர்ந்தபோதும், எங்கள் பத்து மூச்சுக்கு ஒரு தரம் குமிழி, கால் மணிக்கு ஒரு தரம் சுண்டு. கித்தேரி அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். அவள் மட்டுமா, மறுநாள் விடிந்ததும் சுற்றி வந்து நின்ற முப்பது படகுகளிலும் அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள். ‘இனி உம்மக் கூப்பிட மாட்டேன்’ என்று சொன்னவன் கையில் இருக்கிறது உயிர், இவன் விட்டுவிட மாட்டானா என்று அவர்கள் கண்ணில் இருந்தது, எனக்குத் தெரியாதா? நினைவுப் பூசை நான் இல்லாமலேயே நடந்தது. வீட்டில் ஆக்கிய சோறு அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் எங்கள் துறையிலேயே நல்லா முக்குளிக்கிற நாலு பேர் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கயிற்றைத் தொட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஆறு பாகம் இறங்கி, மணலில் கயிறு போகிற வழியே போய், போய், காற்று தீருகிற அளவு போய்விட்டுத் திரும்பிவந்தார்கள். “போய்க்கிட்டே இருக்கு” என்றார்கள். மூன்றாம் நாள் மீட்புக் குழு வந்தது. நல்ல மனுஷர்கள். அவர்களும் போய்க்கொண்டே இருந்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “நீங்க கொஞ்சம் படுங்க, நான் பிடிக்கிறேன்” என்று கயிற்றை வாங்கினார். நான் கண்ணை மூடியிருப்பேன், அதற்குள் கித்தேரி போட்ட சத்தத்தில் படகே ஆடிப்போயிற்று. குமிழி நின்றுவிட்டது. தண்ணீர் தகடாகக் கிடந்தது. நான் பாய்ந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன், என் கைக்கு வந்த பிறகும் எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, பிறகு ஒரு சின்னக் குமிழி வந்தது, அதன்பின் பெரிசாக வந்தது. மீட்புக் குழுவின் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “இது எங்க வேலை இல்லைங்க, உங்க வேலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் ஊர் அதற்கு ஏற்றமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது, ஊர் எதற்குத்தான் மாறாது! நங்கூரம் போட்ட படகு ஆட்டம் காட்டியதால் எட்டுக் கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டி, நாலு பக்கமும் டிரம் பூட்டி, மேலே ஓலை வேய்ந்து ஒரு மிதக்கும் குடிசை செய்து என்னை அதில் குடிவைத்தார்கள். காலையில் தொழிலுக்குப் போகிற படகுகள் சுற்றிக்கொண்டு வந்து ‘இருக்காரா?’ என்று கேட்டுவிட்டுப் போகும், ‘இருக்காரு’ என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போக மாட்டார்கள். மீன் ஏலம் கரையை விட்டுக் குடிசைப் பக்கம் வந்துவிட்டது. நாவிதர் வாரம் ஒரு தரம் வந்து எனக்குச் சவரம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வெள்ளை அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பூசை வைத்தார். துக்கப் பூசையா, நன்றிப் பூசையா என்று சிலர் கேட்டதற்கு, “மூச்சு விடுறவனுக்கு என்ன துக்கம், உடம்புக்குச் சுகம் கேட்டு வைக்கிறேன்” என்றார். ஒரு கல்யாணப் பேச்சு அங்கேதான் முடிந்தது. ரேஷன் கார்டில் பேர் இருக்கலாமா எடுக்கலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்து, குனிந்து குமிழியைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ‘நேரில் பார்வையிட்டேன், சுவாசிக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதுகுப்பைக்காரர்கள் கேள்விப்பட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், குமிழி வருகிற இடத்தைச் சுற்றி மாஸ்க்கைப் போட்டு முகத்தைக் கவிழ்த்து மிதந்தார்கள், அவர்களை அதட்டி விரட்டுவதே சாருமதிக்கு வேலையாய்ப் போயிற்று. அவள் தன் பையைப் பிரித்து எங்கள் ஓலைக்குடிசையில் வைத்துவிட்டாள், கித்தேரிக்கு மீன் கழுவிக் கொடுத்தாள், போகவே இல்லை.

ஊர் பழகிக்கொண்டது, நான் பழகவில்லை. தூங்கும்போது கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் கட்டினேன், கால் மணிக்கு ஒரு தரம் சுண்டு வந்தால் தூக்கத்திலேயே கை பதில் சொல்லியது. கட்டின இடத்தில் தோல் உரிந்தது, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் புண்ணாயிற்று, புண்ணில் கயிறு இறங்கியது. வலி உயிர் போயிற்று, வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ‘கயித்த விடுறதுக்குச் சாக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டான்யா’ என்பார்கள். ஒருநாள் ஏலம் முடிந்து போகிற ஒருவன், எனக்குக் கேட்கட்டும் என்றே, “கோவக்காரன் கை எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்றான். கித்தேரி கையில் இருந்த மீனை அவன் முகத்தில் எறிந்தாள். எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஏல, விட்டுராதல” என்றாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, அதுதான் எனக்குப் புண்ணைவிட வலித்தது.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சந்தேகம் எனக்கும் இருந்தது. சில மத்தியானங்களில், வெயிலில் கண் இருண்டு வரும்போது, அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது ஞாபகத்துக்கு வரும், ‘இப்போ மட்டும் இந்த மனுஷனுக்கு நான் வேணுமாக்கும்’ என்று விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். உடனே பிடித்துக்கொள்வேன். மாதாவே, எத்தனை தரம் அப்படித் தளர்ந்து பிடித்தேனோ.

முப்பதாம் நாள் சுண்டு பிந்தியது. கால் மணிக்கு வர வேண்டியது அரை மணிக்கு வந்தது. முப்பத்தோராம் நாள் குமிழிகள் சிறுத்தன, பட்டாணி அளவுக்கு ஆயின, இடையில் நாங்கள் எண்ணுகிற மூச்சு பத்திலிருந்து இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. அன்றைக்கே தெற்கில் வானம் மங்கி, கடல் நிறம் மாறி, கஸ்பார் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கச்சான் காத்து கிளம்பிட்டு. ரெண்டு நாள்ல இந்தக் குடிசை நிக்காது” என்றான். மேற்கேயிருந்து வருகிற அந்தக் கச்சான் அடிக்க ஆரம்பித்தால் எங்கள் பாரில் ஒரு படகும் நிற்க முடியாது, கட்டுமரக் கட்டுகள் தெறித்துவிடும். கயிற்றை நீளமாக்கிக் கரைக்குக் கொண்டுபோகலாமா என்றார்கள், அதற்குள் அலையில் அறுந்துவிடும். கித்தேரி செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, குமிழி வருகிற இடத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்துமூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குடிசை ஒரு பக்கம் சாய்ந்து, ஓலைக் கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. மற்றப் படகுகள் எல்லாம் கரைக்குப் போய்விட்டன. கட்டுமரத்தில் நானும், அக்காளும், சாருமதியும், பக்கத்தில் இன்ஜினை அணைக்காமல் படகை நிறுத்திக்கொண்டு கஸ்பாரும். ஒரு மணி நேரமாகச் சுண்டு வரவில்லை. நான் பொறுக்க முடியாமல் முறைப்படி ஒரு சுண்டு கொடுத்தேன், ‘நான் இருக்கேன்’. ரொம்ப நேரம் கழித்து, ஒரு மீன் தொட்ட மாதிரி லேசாக, ஒரு சுண்டு வந்தது.

சாருமதிதான் ஆரம்பித்தாள். “ஏனுங்கண்ணா, அவரு அன்னிக்கே காத்துக்கிட்டுத்தான் உக்காந்தாரு, நான் சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கலை. எதுக்குங்க காத்திருக்காரு? நீங்க கூப்பிட்டா என்னங்க?”

“மேல இருக்கவன் கூப்பிடக்கூடாது” என்றேன்.

“ஏனுங்க?”

“கூப்பிடக்கூடாதுன்னா கூப்பிடக்கூடாது! ஒனக்கு என்ன தெரியும், நேத்து வந்தவ!” என்று கத்தினேன். காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போது கஸ்பார் இன்ஜினை அணைத்தான். அந்தக் கடலில் இன்ஜினை அணைப்பது பைத்தியக்காரத்தனம், அணைத்தான். படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

“ததேயு, உங்கம்மா செத்த அன்னைக்குச் செய்தி படகுக்கு வந்துச்சு. எங்கிட்டத்தான் வந்துச்சு. அவரு கீழ இருந்தாரு. கயிறு என் கையில. நான் கூப்பிடல. மேல இருக்கவன் கூப்பிடக்கூடாதுல்லா, முதல் தடவையாக் கயிறு பிடிச்சிருக்கேன், மானம் போயிருமேன்னு, அவரா ஏறட்டும்னு அம்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். ஏறி வந்தவரு கேட்டாரு, சொன்னேன். ‘சரி, ததேயு கேட்டா நீ சொல்லாத, ஒனக்குக் கயிறு தர மாட்டாங்க’ன்னாரு. அவ்வளவுதான். மூணு வருஷமா அவரும் சொல்லல, நானும் சொல்லல.”

கித்தேரி கஸ்பாரைப் பார்த்தாள், அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. “எனக்குக்கூடச் சொல்லலியே அவுக” என்றாள், அப்போதுதான் முப்பத்துமூன்று நாளில் முதல் தடவையாக அழுதாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். வெட்கம் வந்தது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெட்கம். கயிற்றை விட்டுவிடாமல் பிடித்திருக்கிறேன் பார் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு, ஒரு மனுஷன் கேட்ட கேள்விக்கு முப்பத்துமூன்று நாளாகத் தப்புப் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் ‘இருக்கேன்’ என்று சொல்லவே இல்லை. ‘கூப்பிடுதியா?’ என்று கேட்டிருக்கிறார். நான் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய மடையன்!

ஒரு அலை வந்து மூன்று பேரையும் நனைத்துக் கட்டுமரத்தின் ஓரக்கட்டைத் தெறிக்கவைத்தது. டிரம் ஒன்று கழன்று உருண்டு போயிற்று. குமிழி வருகிற இடம் அலையில் தெரியவில்லை. “ஏல” என்றாள் கித்தேரி.

நான் வலது கையைத் தூக்கி, புண்ணிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஒழுக, சுண்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டான். எங்கள் துறையில் எந்தக் காலத்திலும் யாரும் செய்யாததைச் செய்துவிட்டு நான் கயிற்றைப் பார்த்தபடி இருந்தேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை மூன்று சுண்டினேன். பதில் இல்லை. மூன்றாம் தடவை சுண்டும்போது வாய்விட்டே கத்தினேன், “அத்தான், கூப்பிடுதேன், என்னால முடியல, வாரும்!” என்று, தண்ணீருக்குள் எங்கே கேட்கப்போகிறது, ஆனாலும் கத்தினேன். கயிறு தளர்ந்தது. என் கையில் கயிறு அப்படியே தொய்ந்து மிதந்தபோது கித்தேரியின் முகம் இருந்த நிறத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு கயிறு விறைத்தது. மூன்று சுண்டு வந்தது, தோளைப் பிடுங்குகிற மாதிரி.

இழுத்தேன். யாரும் தொடக்கூடாது, சாருமதி என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கித்தேரி சாருமதியைப் பிடித்துக்கொள்ள, நான் மட்டும் கயிற்றை இழுத்தேன். ஆறு பாகம் இழுத்தேன், அறுபது பாகம் இழுத்தேன், கட்டுமரம் முழுக்க ஈரக்கயிறு சுருள் சுருளாய்க் குவிந்து எங்கள் முழங்காலுக்கு வந்தது, அந்த நீளத்துக்குக் கயிறு எங்களிடம் இருந்ததே இல்லை, அதெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? கடைசியில் முதலில் குமிழிகள் கொப்பளித்து வந்தன, அப்புறம் சிலிண்டரின் மஞ்சள் நிறம், அப்புறம் கை. அந்தக் கையைப் பிடித்தேன். கஸ்பார் படகைக் கொண்டுவந்து இடித்தான், எல்லோருமாக அவரை உள்ளே இழுத்துப் போட்டோம், நாங்களும் தாவினோம். இரண்டு நிமிஷத்தில் கட்டுமரங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போயின.

அத்தான் எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளினார். இறங்கின அன்று காலையில் செய்த சவரம் இன்று காலையில் செய்தமாதிரியே இருந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“கூப்டியா மாப்ள?”

“கூப்டேன் அத்தான்.”

அவர் முகம் பதறியது. “ஏன், மாமிக்கு என்ன? முடியலையா? என்னைக் கேக்குதாங்களா?”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். கித்தேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நீ சொல் என்று.

“கேட்டுக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் வாரும்” என்றேன்.

கரையில் ஊரே நின்றது. சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தவர்கள், அவர் யாரையும் பார்க்காமல் ஈரத்துணியோடு எங்கள் அம்மா வீட்டுப் பக்கம் ஓடப்பார்த்ததையும், நான் அவர் தோளைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திருப்பியதையும் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கோயிலில் துக்கமணி அடித்தது, சாமியார் அங்கியைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார், ஏலக்காரர்களும் நாவிதரும் என்னைக் குத்திப் பேசியவனும் பின்னால் வர, பையைச் சுமந்த பிள்ளைகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வர, மூன்று வருஷத்துக்கு முந்தின சாவுக்கு நாங்கள் எல்லோரும் நடந்தோம்.

அம்மாவின் சிலுவைக்கு முன்னால் அத்தான் நின்றார். பேரைப் படித்தார், தேதியைப் படித்தார், சிமெண்டில் படிந்திருந்த பாசியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நேரமாயிட்டோ மாப்ள?” என்றார்.

“நாந்தான் அத்தான் கூப்பிட நேரமாக்கிட்டேன்” என்றேன். கேவிக் கேவி அழுதேன், அத்தனை பேர் முன்னால். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, “போடும். எங்கம்மாவுக்கு நீரு மண் போடும்” என்றேன். அவர் போட்டார். போட்டுவிட்டு என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்கா?”

“வலிக்கு அத்தான்.”

கயிறு அப்போதும் ஒரு முனை அவர் இடுப்பிலும் மறுமுனை என் மணிக்கட்டிலுமாகக் கல்லறைகளுக்கு நடுவே கிடந்தது, பின்னால் வந்தவர்கள் ஜாக்கிரதையாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். “அதை அவுத்துத் தொலைங்களேன் ரெண்டு பேரும், வீட்டுக்குப் போய் உலை வைக்கணும்” என்று கித்தேரி மூக்கைச் சிந்திக்கொண்டே சத்தம் போட்டாள். இரண்டு பேரும் முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை. சரி, சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே வீட்டுக்கு நடந்தோம்.